குறுக்குக் குச்சி இல்லாத பட்டம்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை வருகிறது. பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், சாயங்காலமானால் கடற்காற்றும் வந்துவிடும். இந்த இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு பட்டம் போதும். கடையில் வாங்கும் பட்டத்தைச் சொல்லவில்லை, பிள்ளை தன் கையால் செய்யும் பட்டத்தைச் சொல்கிறேன்.

பட்டம் செய்யத் தெரியுமா என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் தெரியும் என்றுதான் சொல்வார்கள். நெடுக்கே ஒரு குச்சி, குறுக்கே ஒரு குச்சி வைத்துக் கட்டி, வாலை ஒட்டிக்கொண்டு ஓடுவார்கள். அது இரண்டு சுற்று சுற்றிவிட்டு மண்ணில் குத்தும். இதில் பிள்ளையின் குறை ஒன்றுமில்லை. குறுக்குக் குச்சியை வில்லாக வளைக்க மூங்கிலை ஒரே சீராகச் சீவ வேண்டும். எட்டு வயதுக் கைக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

அதனால்தான் முதல் பட்டமாக ஸ்லெட் பட்டத்தைச் செய்யச் சொல்கிறேன். இதற்கு இரண்டே குச்சிகள், இரண்டும் நெடுக்குக் குச்சிகள். குறுக்குக் குச்சி செய்ய வேண்டிய வேலையைக் காற்றே செய்துவிடும். காற்று மோதியதும் நடுப்பகுதி பின்னுக்குப் புடைக்கும். பக்கத்துச் சிறகுகள் இரண்டையும் நூல் முன்னால் இழுத்துப் பிடித்திருக்கும். அப்படி முன்னால் நிற்கும் சிறகுகள்தான் பட்டம் திசை மாறாமல் பார்த்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், டேடன் நகரத்தில் வில்லியம் அலிசன் என்பவர் 1950-ல் இதை வடிவமைத்தார், 1956-ல் காப்புரிமை பெற்றார். ரைட் சகோதரர்களின் ஊரும் அந்த டேடன்தான். அதற்குச் சற்று முன்பு, 1948-ல், பிரான்சிஸ் ரோகல்லோ, கெர்ட்ரூட் ரோகல்லோ தம்பதியர் குச்சியே இல்லாத ஒரு துணிப் பட்டத்தைப் பறக்கவிட்டிருந்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்தது வீட்டுத் திரைச்சீலையை. வீட்டில் கிடப்பதை எடுத்துச் செய்வது குறைவான வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சரி, பென்சிலும் ஒரு ஸ்கேலும் எடுத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளின் ஒரு பக்கம் போதும். புதுச்சேலை சுற்றி வந்த மெல்லிய கவர் இருந்தால் இன்னும் நல்லது, ஈரத்தில் கிழியாது. இதற்கென்று புதிதாகப் பிளாஸ்டிக் வாங்க வேண்டாம். அகலம் 40 சென்டிமீட்டர், உயரம் 30 சென்டிமீட்டர் என்று ஒரு செவ்வகம் வெட்டுங்கள். மேல் விளிம்பில் இடப்பக்கத்திலிருந்து 10-லும் 30-லும் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். கீழ் விளிம்பிலும் அப்படியே. பிறகு இடது ஓரம், வலது ஓரம் இரண்டிலும் மேலிருந்து 10 சென்டிமீட்டர் இறங்கி ஒரு புள்ளி. இப்போது மேல்புள்ளி, ஓரப்புள்ளி, கீழ்ப்புள்ளி மூன்றையும் கோடு போட்டு இணைத்து, வெளியே நிற்கும் மூலைகளை வெட்டிவிடுங்கள். இருபுறமும் முக்கோணச் சிறகு கிடைக்கும். மேல்புள்ளியிலிருந்து கீழ்ப்புள்ளிக்கு நேராக வருவதுதான் குச்சியின் இடம்.

குச்சிக்கு நம் மாவட்டத்தில் எங்கேயும் அலைய வேண்டாம். வாரியலில், அதாவது தென்னந்துடைப்பத்தில் இருந்து காய்ந்த ஈர்க்கில் உருவினால் போதும். பச்சை ஈர்க்கில் கனம், வளைந்தும் போகும். ஆனால் ஈர்க்கிலுக்கு அடி தடிப்பு, நுனி மெல்லிசு. அதனால் இரண்டு ஈர்க்கிலை அடியும் நுனியும் மாறி வரும்படி சேர்த்து, நூல் சுற்றி ஒரு குச்சியாக்குங்கள். அப்போது 30 சென்டிமீட்டர் நீளம் முழுவதும் ஒரே விறைப்பு இருக்கும். இப்படி இரண்டு குச்சிகள் செய்து செல்லோ டேப்பால் ஒட்டுங்கள். டேப்பைக் கஞ்சத்தனமாகவே போடுங்கள், அதுவும் கனம்தான். ஓரப்புள்ளிகள் இரண்டிலும் மட்டும் இருபக்கமும் ஒட்டுங்கள், ஏனென்றால் நூல் இழுப்பது முழுவதும் அங்கேதான்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். சிறகு நுனிகள் இரண்டையும், அதாவது அந்த ஓரப்புள்ளிகளை, இணைத்துக் கட்டும் நூலைச் சூத்திரம் என்பார்கள். இந்தப் பட்டம் பறப்பதும் பறக்காததும் பெரும்பாலும் இதைப் பொறுத்தது. தோவாளைப் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கும் பூக்கட்டும் நூலை இரட்டையாக எடுத்தால் தாராளமாகத் தாங்கும். முடிச்சுப் போக ஒரு பக்கத்துக்கு 60 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, இரண்டு பக்கமும் சேர்த்து 120. குட்டையாகக் கட்டினால் நூல் சிறகுகளை உள்நோக்கி இழுக்கும், பட்டம் புத்தகம் மூடுவதுபோல் மடங்கிவிடும். இரண்டு சிறகு நுனிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, நூல் தானாக எங்கே இரண்டாக மடிகிறதோ அங்கே ஒரு சின்ன வளையம் போடுங்கள். அதுதான் நடு. கண்ணால் பார்த்து நடுவைத் தேட வேண்டாம். அரை சென்டிமீட்டர் பிசகினாலும் பட்டம் ஒரே பக்கமாகச் சாயும். அந்த வளையத்தில் பறக்கவிடும் நூலைக் கட்டுங்கள்.

நடுப்பகுதியில், கீழ் விளிம்புக்குக் கொஞ்சம் மேலே, டீ டம்ளர் வாய் அளவுக்கு ஒரு துளை வெட்டலாம். உள்ளே புகுந்த காற்று வெளியேற வழி கிடைக்கும், ஆட்டம் குறையும். அப்படியும் ஆடினால் குச்சிகளின் கீழ் நுனியில் பக்கத்துக்கு ஒன்றாக ஒரே நீளத்தில் இரண்டு தாள் வால்கள் ஒட்டுங்கள்.

எங்கே பறக்கவிடலாம்? முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை சுழலத் தொடங்க மணிக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர் வேகக் காற்று வேண்டும். நம் பட்டத்துக்கும் ஏறக்குறைய அந்தக் காற்றுதான் அளவு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்று இந்தத் தாள் பட்டத்துக்கு மிக அதிகம், அப்போது அந்தப் பக்கம் போக வேண்டாம். ஏப்ரல், மே மாதச் சாயங்காலங்களில் சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் கடற்கரைகளில் கிடைக்கும் காற்று அருமையானது. கடலின் மேல் தடுக்க எதுவும் இல்லாததால் சீராக வரும். தென்னந்தோப்புக்குப் பின்னாலும் மாடிவீட்டுக்குப் பின்னாலும் நின்றால் காற்று உடைந்து சுழலும், அங்கே எந்தப் பட்டமும் நிற்காது. ஆனால் ஒன்று, கடற்காற்று கரையை நோக்கி வீசும். பட்டமும் கரைப்பக்கம்தான் போகும், தென்னையும் மின்கம்பியும் இருக்கிற பக்கம். அதனால் அலை படாத தூரத்தில், கடலுக்குப் பக்கமாக நின்று, பட்டத்துக்குக் கீழே வெறும் மணல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையோடு பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

ஓட வேண்டியதே இல்லை. காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், பட்டத்தைக் கையில் விரித்துப் பிடியுங்கள். அது புடைத்ததும் விட்டுவிட்டு நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்குங்கள். ஓடித்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது என்றால் அன்றைக்குக் காற்று இல்லை என்று அர்த்தம்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் வேண்டவே வேண்டாம். நைலான் மாஞ்சாவையும் அதைப் போன்ற செயற்கை மாஞ்சாவையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-லேயே நாடு முழுவதும் தடை செய்துவிட்டது. இரு சக்கர வண்டியில் போகிறவரின் கழுத்தை அறுத்து உயிரையே எடுக்கும் நூல் அது. ஸ்லெட் பட்டம் யாரோடும் சண்டை போடுகிற பட்டமில்லை, அதற்குப் பருத்தி நூலே போதும். அந்தப் பருத்தி நூலையும் மரத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். 2022-ல் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட சுசீந்திரம் தேரூர் குளங்களுக்கு எத்தனையோ பறவைகள் வருகின்றன. தொங்குகிற நூல் அவற்றின் சிறகிலும் காலிலும் சுற்றிக்கொள்ளும். பட்டம் மின்கம்பியில் மாட்டினால் மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். துறட்டியோ கம்போ எடுத்துக்கொண்டு யாரும் போகக் கூடாது. இன்னொன்று செய்துகொள்ளலாம், தாள்தானே.

சின்னது நன்றாகப் பறந்துவிட்டால் எல்லா அளவையும் இரட்டிப்பாக்கி 80-க்கு 60 என்று ஒன்று செய்துபாருங்கள். அதற்கு ஈர்க்கில் போதாது, மெல்லிய மூங்கில் குச்சி வேண்டும், நூலும் தடிப்பாக வேண்டும். எவ்வளவு பெரிதாகச் செய்தாலும் குறுக்குக் குச்சி இல்லாததால் இரண்டு குச்சிகளையும் சேர்த்துச் சுருட்டிப் பஸ்ஸில் கொண்டு போய்விடலாம்.

நன்றி, வணக்கம்.