பெயர் ஏற்கெனவே இருந்தது

நடுவர் அவர்களே, பாம்பன் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். மனநோய்க்கு டாக்டர் வைக்கும் பெயரால் அதிகம் நன்மையா, பாதிப்பா என்பது கேள்வி. நன்மைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

"அந்தப் பெயர் பிள்ளைகளின் கல்யாணம் வரை துரத்தும்" என்றார் எதிரணித் தங்கை. உண்மைதான். என் சித்தப்பா மகளுக்கு வந்த சம்பந்தம் ஒன்று அப்படித்தான் நின்றது. (சித்தப்பா சம்மதித்துத்தான் அவருடைய நோயைப் பற்றிச் சொல்கிறேன்.) ஆனால் டாக்டரிடம் போவதற்குப் பல வருடம் முன்பே ஊர் சித்தப்பாவுக்குப் பெயர் வைத்துவிட்டதே! கிறுக்கன். பேய் பிடித்தவன்.

மீன்பிடித் தடைக்காலம், கையில் காசு இல்லை. சித்தப்பா நாலு நாள் தூங்காமல் வட்டிக்கு வாங்கிப் புது வலை எடுத்தார். நடுச்சாமத்தில் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். அப்புறம் இரண்டு மாதம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். சித்தி மந்திரித்த கயிறாகக் கட்டிப் பார்த்தார்.

முதலில் பார்த்த டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்; மறுபடியும் தூக்கம் போய், ஆட்டம் கூடியது. இதையும் எதிரணி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சீட்டில் எழுதிய பெயர் என்பதால்தான் அடுத்த டாக்டரால் அதைத் திருத்த முடிந்தது: இருமுனைக் கோளாறு. அதாவது, ஒரு சமயம் அளவுக்கு மீறிய வேகம், ஒரு சமயம் எழவே முடியாத சோர்வு. பேய் என்று சொன்னதை யார், எப்படித் திருத்துவது?

லித்தியம் மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். வெயிலில் கடலுக்குப் போகிறவருக்கு அது ஆபத்து. அதனால் சித்தி இன்று கயிறு கட்டுவதில்லை. இரண்டு தண்ணீர் கேன் கட்டிக் கொடுக்கிறார். சில வலி மாத்திரைகளும் அந்த அளவை ஏற்றிவிடும் என்பதால், உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை போடவும் விடுவதில்லை.

பெயரில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பது இந்த மாவட்டத்துக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் கருகினார்கள். அவர்களில் எத்தனை பேரிடம் ஒரு டாக்டர் உட்கார்ந்து பேசியிருப்பார்? 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. மற்ற நோய்களைப் போல மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரச் சொல்கிறது. அதைக் கேட்டு வாங்கவும் சீட்டில் நோயின் பெயர் வேண்டும், நடுவர் அவர்களே.

தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் சரி, 14416 என்ற எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். அரசின் மனநல உதவி எண், இலவசம். தமிழிலேயே பேசலாம். நன்றி, வணக்கம்.