அடகுச்சீட்டும் ஊசிமருந்தும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நவநாள் ஜெபம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் காத்திருக்கும் நம் பங்குக் கோயில் மக்களே, வணக்கம்.

"விசுவாசம் பெரிதும் ஒளிர்வது உயிரைக் கொடுக்கும் தியாகத்திலா, அன்றாட வாழ்விலா?" இதுதான் தலைப்பு. அன்றாட வாழ்வில்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் புனித அருளானந்தர் வெட்டுண்ட ஓரியூர்ச் செம்மணலைச் சொன்னார், புனித தேவசகாயம் கொல்லப்பட்ட காற்றாடிமலையைச் சொன்னார். கடைசியில், "பாத்திரம் கழுவுகிறவர்களுக்கும் துணி துவைக்கிறவர்களுக்கும் பீடம் கட்ட முடியுமா?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தார்.

ஐயா, கட்டியிருக்கிறோமே! நம் கோயிலிலேயே கையில் ரோஜாப் பூக்களோடு நிற்கிறாரே சிறுமலர் தெரேசா, அவர் யார்? பிரான்சில் லிசியே என்ற ஊரில், 1888-இல், 15 வயதில் கார்மேல் சபைக் கன்னியர் மடத்துக்குள் போனவர். 1897-இல் காசநோயால் இறக்கும்போது வயது 24. வாளும் இல்லை, சிறையும் இல்லை. துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்ற சகோதரி ஒவ்வொரு முறை அடித்துத் துவைக்கும்போதும் அழுக்குத் தண்ணீர் இவர் முகத்தில் தெறித்தது. கொஞ்சம் பின்வாங்கி முகத்தைத் துடைத்திருந்தாலே அவருக்குப் புரிந்திருக்கும். தெரேசா அதைக்கூடச் செய்யவில்லை.

அதே மடத்தில் நடக்க முடியாத வயதான சகோதரி ஒருவர் இருந்தார். மாலைதோறும் அவரைச் சாப்பாட்டு அறைக்குத் தெரேசாதான் பிடித்துக்கொண்டு போவார். சற்று வேகமாக நடந்தால், "விழுந்துவிடுவேன்" என்று சத்தம். மெதுவாக நடந்தால், "கையை விட்டுவிட்டாய்" என்று குறை. கொண்டுபோய் உட்கார வைத்ததும் வேலை முடிந்தது என்று தெரேசா போயிருக்கலாம். ஆனால், அந்தக் கைகளால் ரொட்டியை நறுக்க முடியவில்லை என்பதைக் கவனித்தார். யாரும் கேட்காமலே நறுக்கிக் கொடுத்து, சிரித்துவிட்டுத்தான் போனார்.

இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. எங்கள் அப்பாயி ஆறு வருடம் படுக்கையில் இருந்தார். குளிப்பாட்டத் தண்ணீர் ஆறியிருந்தால், "என்னைக் குளிரிலேயே கொன்றுவிடு" என்பார். சூடாக இருந்தால், "பொசுக்கப் பார்க்கிறாயா?" என்பார். அம்மா பதில் பேசமாட்டார். செம்பில் கைவிட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் விளாவுவார். ஆறு வருடத்தில், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்த உழைப்புக்குத் திருவிழா கிடையாது, கைதட்ட ஆளும் கிடையாது. சாயங்காலம் ஜெபமாலை சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் மறுபடியும் தண்ணீர் சுட வைக்க வேண்டும், அவ்வளவுதான். தெரேசாவுக்கு 1925-இல் புனிதர் பட்டம், 1997-இல், திருச்சபைக்கே ஆசிரியர் என்று பொருள்படும் மறைவல்லுநர் பட்டம். இந்தப் பாதையும் விண்ணகத்துக்குப் போகிறது என்று திருச்சபையே சொல்லிவிட்டதல்லவா?

சரி, காற்றாடிமலைக்கு வருவோம். விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த மறைசாட்சிகளைக் குறைத்துப் பேச எனக்கு நாக்கு வராது. நட்டாலம் தேவசகாயம் 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1752 ஜனவரி 14-இல் கொல்லப்பட்டார். எதிரணி அந்தக் கடைசி நாளை மட்டும் எடுத்துக்கொண்டது. 1749-இல் கைதாகும்வரை அவர் எப்படி வாழ்ந்தார்? அரண்மனை அலுவலராக இருந்தவர், மனிதர் எல்லோரும் சமம் என்று பேசினார், எல்லோரோடும் பழகினார். மேலே இருந்தவர்களுக்குப் பொறுக்காமல் போனதே அதுதான். வாழ்ந்த வாழ்க்கைதானே அவரை அந்த மலைக்குக் கொண்டுபோனது? 2022-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தபோது வெடி வெடித்தோம். ஆனால் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதலில் விசாரிப்பது சாதியைத்தான். வேதனையோடு சொல்கிறேன், அவருக்காக உயிரைக் கொடுக்க வேண்டாம், அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்தாலே போதும்.

கடைசியாக ஓர் இளைஞர். இத்தாலியின் தூரின் நகரத்துப் பியர் ஜோர்ஜோ ஃபிரசாத்தி. அப்பா பெரிய நாளிதழின் உரிமையாளர், ஜெர்மனியில் தூதராக இருந்தவர். மகனோ நம் பங்கிலும் இருக்கிற, ஏழைகளுக்கு உதவும் அதே வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து ஏழைகளின் வீடு வீடாகப் போனார். டிராம் காசையும் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு ஓடி வருவார். வீட்டில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் முழுதாகத் தெரியாது. 1925-இல், 24 வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. வீட்டில் பாட்டி சாகக் கிடந்ததால், இவர் வலி யார் கண்ணிலும் படவில்லை. அடக்கத்தன்று தெருவெல்லாம் ஏழைகள் வந்து நின்றபோதுதான், தங்கள் பிள்ளை யார் என்று அந்த வீட்டுக்கே புரிந்தது. 2025 செப்டம்பர் 7-இல் அவர் புனிதரானார்.

இறப்பதற்கு முந்தைய நாள், செயலிழந்துகொண்டிருந்த கையால், கோணல் எழுத்தில் நண்பருக்கு ஒரு சீட்டு எழுதினார். இந்த ஊசிமருந்து இன்னாருக்குச் சேர வேண்டும். இந்த அடகுச்சீட்டு இன்னாருடையது, மறந்துவிட்டேன், என் கணக்கில் புதுப்பித்துவிடு. எழுதியது இவ்வளவுதான்.

நடுவர் அவர்களே, அந்தத் துண்டுச் சீட்டை எங்கள் அணியின் சாட்சியாக உங்கள் மேசையில் வைக்கிறேன். நன்றி, வணக்கம்.