அல்போன்சா காசுக்கு என்ன விலை?

நேயர்களுக்கு வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். போன மாதம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் காசைக் கொண்டுவந்து என் திண்ணையில் கொட்டினார். "தம்பி, நீதான் காசு சேர்க்கிறவனாச்சே, இதெல்லாம் எத்தனை லட்சம் போகும், பார்த்துச் சொல்லு" என்றார்.

2009இல் வந்த, கேரளத்துப் புனிதையான அல்போன்சா, அதே ஆண்டின் அறிஞர் அண்ணா, 2010இன் தஞ்சைப் பெரிய கோயில், 2012இன் வைஷ்ணோ தேவி, எல்லாம் ஐந்து ரூபாய் நினைவு நாணயங்கள். தமிழ்நாடு-கேரள எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருகிற குடும்பம். சில்லறையும் கலந்துதானே கிடக்கும்.

"ஐந்து ரூபாய்க் காசு ஐந்து ரூபாய்தான் அக்கா" என்றேன். முகம் வாடிவிட்டது. வைஷ்ணோ தேவி காசுக்குப் பத்து லட்சம் தருகிறார்கள் என்று யாரோ போனில் வீடியோ காட்டியிருக்கிறார்கள்.

புழக்கத்துக்கென்று மூட்டை மூட்டையாக அடித்துவிட்ட காசு இது. சேகரிப்பவர் ஒவ்வொருவரிடமும் ஏற்கெனவே இரண்டு மூன்று இருக்கும். யார் கையும் படாமல், அடித்த பளபளப்பு மாறாமல் இருந்தால் பத்தோ இருபதோ கூடக் கொடுத்து வாங்குவார்கள். பழங்காசு விற்கிற கடைக்காரர் ஐம்பது என்று விலை ஒட்டியிருப்பார். அது அவர் விற்கிற விலை. நீங்கள் விற்கப் போனால் அவர் கேட்பது வேறு.

அக்கா இன்னொரு காரியமும் செய்திருந்தார். பாதிக் காசைப் புளி போட்டுத் தேய்த்திருந்தார்! குத்துவிளக்குக்குச் சரி, காசுக்கு அது கேடு. மினுக்கிய காசைச் சேகரிப்பவர்கள் தொடவே மாட்டார்கள். அழுக்கோடு விடுங்கள்.

அப்படியானால் கூடுதலாகப் போகிற நினைவு நாணயமே இல்லையா? இருக்கிறது. 1969இல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த பத்து ரூபாய் 15 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி. அந்த 12 கிராம் வெள்ளியே பத்து ரூபாயைப் பல மடங்கு தாண்டிவிடும். 2023இல் வந்த என்.டி.ஆர். நூறு ரூபாய் புழக்கத்துக்கே வரவில்லை. பாதி வெள்ளி. நாணயச் சாலையே அதை ஆயிரக்கணக்கில் விலை வைத்துத்தான் விற்றது. அப்புறம், ஆண்டுக்குக் கீழே உள்ள குறியையும் பாருங்கள். எந்த ஊர் நாணயச் சாலையில் அடித்தது என்று அது சொல்லும். நட்சத்திரம் ஹைதராபாத், வைரம் மும்பை, புள்ளி நொய்டா, ஒன்றுமில்லையென்றால் கொல்கத்தா. ஒரே காசை ஒரு நாணயச் சாலை மட்டும் குறைவாக அடித்திருந்தால் அதற்கு மட்டும் கொஞ்சம் கிராக்கி உண்டு.

வீடியோவில் இருந்த எண்ணுக்கு அக்கா பேசியும் இருக்கிறார். பத்து லட்சம் தருவார்களாம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்ப வேண்டுமாம். நல்லவேளை, அனுப்பவில்லை. ரிசர்வ் வங்கி பழைய காசு வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை, அதற்குக் கமிஷன் கேட்பதும் இல்லை. 2021 ஆகஸ்டில் அவர்களே இதை அறிவித்தார்கள். காசு வாங்க வருகிறவன் உங்களிடம் காசு கேட்டால், போனை வைத்துவிடுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பெட்டிக்கடையில் நான் பத்து ரூபாய் நினைவு நாணயத்தை நீட்டினேன். "செல்லாதுங்க" என்றார். செல்லும். அதுவரை வந்த பத்து ரூபாய்க் காசின் பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018லேயே சொல்லிவிட்டது. லட்சம் பெறும் என்று வீடியோவில் சொல்கிற காசை இங்கே பத்து ரூபாய்க்கே வாங்க ஆளில்லை.

அக்கா பாட்டிலை மூடிக்கொண்டு போனார். மறுநாள் பாலக்காடு பஸ்ஸில் அவர் கண்டக்டரிடம் அல்போன்சாவை நீட்டியதைப் பார்த்தேன். அண்ணா காசை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறாராம். அதில் தமிழில் கையெழுத்து இருக்கிறதே, அதற்காக.