சோதனைக்கு முன் சொல்லப்பட வேண்டிய ஒரு வாக்கியம்

நேயர்களுக்கு வணக்கம். களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குப் போகும் பேருந்துகளிலும், நாகர்கோவிலுக்கு வந்து சேரும் தொலைதூர ரயில்களிலும் கஞ்சா சோதனை நடப்பதை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தச் சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பற்றிய பெற்றோரின் கவலை எனக்கும் உண்டு. ஆனால் சோதனை சட்டப்படி நடந்ததா என்று கேட்கும் வழக்கறிஞரைக் குற்றவாளிக்குத் துணைபோகிறவராகப் பார்க்கும் வழக்கம் சரியல்ல என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என்.டி.பி.எஸ். என்று நீதிமன்ற வளாகங்களில் சொல்லப்படும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையானது. 20 கிலோவுக்கு மேற்பட்ட கஞ்சா வணிக அளவாகக் கொள்ளப்படும். அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டுகள், ஜாமீன் கிடைப்பதும் அரிது. பொருள் ஒருவரின் வசம் இருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டால், அது தமக்குத் தெரியாமல் இருந்தது என்று காட்டும் சுமை அவர் தலையில் விழுகிறது. வழக்கு முழுவதும் அந்தக் கைப்பற்றுதல் ஒன்றின் மீதே நிற்பதால்தான், அது எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சட்டம் வரி வரியாக விதித்திருக்கிறது.

அவற்றுள் முதன்மையானது 50-ஆம் பிரிவு. ஒருவரின் உடலைச் சோதனையிடும் முன், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி ஒருவர் முன்னிலையிலோ நடுவர், அதாவது மாஜிஸ்திரேட் முன்னிலையிலோ சோதனையிடப்படும் உரிமை அவருக்கு உண்டு என்று காவலர் எடுத்துச் சொல்ல வேண்டும். 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இந்த உரிமையைச் சொல்லாமல் செய்த உடற்சோதனையில் கிடைத்த பொருளை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்றது. 2010-இல் விஜய்சிங் ஜடேஜா வழக்கில், ஏறக்குறையப் பின்பற்றினால் போதாது, முழுமையாகப் பின்பற்ற வேண்டும் என்று இன்னொரு அரசியல் சாசன அமர்வு உறுதிப்படுத்தியது. பெண்ணைப் பெண்தான் சோதனையிட வேண்டும் என்பதும் இதே பிரிவில் இருக்கிறது.

நடைமுறையில், வழக்கறிஞராக வழக்கு ஆவணக் கட்டுகளில் நான் பார்ப்பது வேறு. “என்னை நீங்களே சோதனையிடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை” என்று முன்பே தட்டச்சு செய்த தாள்; பெயருக்கும் நேரத்துக்கும் மட்டும் இடம் விட்டு, கீழே ஒரு நடுங்கிய கையெழுத்து. உரிமை என்னவென்றே சொல்லப்படாதவர் அதை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்குவதில் என்ன மதிப்பு இருக்கிறது? சில கட்டுகளில், சோதனை நடந்த இடத்திலேயே எழுதியதாகச் சொல்லப்படும் மகஜரின், அதாவது கைப்பற்றுதல் பதிவின் தலைப்பில் வழக்கின் குற்ற எண் அதே மையில், அதே கையெழுத்தில் இருக்கும். முதல் தகவல் அறிக்கையோ அதற்குப் பிறகு நிலையத்தில் பதிவானது. பதிவாகாத வழக்கின் எண் சம்பவ இடத்தில் எப்படித் தெரிந்தது என்பது குறுக்கு விசாரணையில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

இதற்கு ஓர் எல்லை உண்டு; அதை மறைப்பது நியாயமாகாது. பையும் பெட்டியும் உடலல்ல என்று 2005-இல் பவன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேருந்தின் மேல்தட்டில் இருந்த பையில் கஞ்சா கிடைத்திருந்தால் 50-ஆம் பிரிவு கைகொடுக்காது. அங்கே பை யாருடையது, பயணச்சீட்டு யாரிடம் இருந்தது, பரிசோதனைக்கான மாதிரி எப்படி எடுக்கப்பட்டது என்பவையே விசாரணையின் மையமாகும். மாதிரியை நடுவர் முன்னிலையில் எடுக்க வேண்டும் என்று 52ஏ பிரிவைச் சுட்டி 2016-இல் மோகன்லால் வழக்கில் சொல்லப்பட்டிருக்கிறது.

வீட்டுச் சோதனை என்றால் 42-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். கிடைத்த தகவலை எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். சூரியன் மறைந்தபின் வாரண்ட் இல்லாமல் நுழைந்தால் அதற்கான காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும். தாமதத்துக்கு ஏற்கத்தக்க விளக்கம் இருந்தால் நீதிமன்றம் பொறுத்துக்கொள்ளும், அடியோடு செய்யாமல் விட்டால் பொறுக்காது என்பது 2009-ஆம் ஆண்டின் கர்னைல் சிங் தீர்ப்பு.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. எனவே அந்தப் பதிவு எங்கே என்று கேட்பதே இப்போது வழக்கறிஞரின் முதல் வேலை.

கைதானவரின் குடும்பத்தார் பெரும்பாலும் வாரங்கள் கழித்தே எங்களிடம் வருகிறார்கள். ரிமாண்டுக்காக நடுவர் முன் நிறுத்தும்போதே, எங்கே, எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், எந்தத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்பதைச் சொல்லிப் பதிவு செய்யக் கேட்க வேண்டும். காவல் நிலையக் கண்காணிப்புக் கேமராப் பதிவையும், பேருந்து நிலையத்திலோ கடையிலோ உள்ள பதிவையும் பாதுகாக்கக் கோரும் மனுவை அந்த வாரத்திலேயே போட்டுவிட வேண்டும். கடைக் கேமராக்களில் பழைய பதிவு சில நாட்களிலேயே தானாக அழிந்துவிடும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.