வாயால் சொன்னால்தான் மறுப்பா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பெண்கள் மீதான வன்முறை பற்றிய கல்லூரிப் பாடம் மாணவர் மனதை மாற்றும் என்பது எங்கள் கட்சி. எதிரணித் தோழி கேட்டார்: "இருபது வருஷம் வீட்டில் ஊறியதை ஒரு செமஸ்டர் தாள் என்ன செய்துவிடும்? பரீட்சை முடிந்தால் மறந்துவிடுவார்கள்." நோட்ஸ் கொடுத்து ஒப்பிக்கச் சொன்னால் மறக்கத்தான் செய்வார்கள். பேசவிட்டு நடத்தினால்? ஹரியானாவில் 314 அரசுப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. கிட்டத்தட்ட பாதிப் பள்ளிகளில் மட்டும் பாலினச் சமத்துவ வகுப்பு. அந்த வகுப்புகள் முடிந்து இரண்டு ஆண்டு கழித்துக் கேட்டபோதும் அந்தப் பிள்ளைகளின் எண்ணத்தில் மாற்றம் நிலைத்திருந்தது. பதின்வயதில் முடிகிறது என்றால் இருபதில் ஏன் முடியாது?

நான் இந்தத் தாளை நடத்துகிறவள். முதல் வகுப்பில் ஒரு சட்டத்தின் கதையைத்தான் சொல்வேன். 1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, தெருவில் சில ஆண்கள் செய்த தொல்லையில் உயிரிழந்தார். அதையடுத்து தமிழ்நாட்டில் வந்த சட்டத்துக்குப் பெயர் 'ஈவ் டீசிங் தடைச் சட்டம்'. உயிரே போன பிறகும் கேலி என்றுதான் பெயர் வைத்தோம்! 2002-இல்தான் அதில் 'துன்புறுத்தல்' என்ற சொல் வந்தது. "சும்மா கலாய்ச்சோம் மிஸ்" என்று அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கடைசி பெஞ்ச் அந்த இடத்தில் அமைதியாகிவிடும்.

அப்புறம் பின்தொடர்தல். 2013-இல்தான் அது தனிக் குற்றமானது. விருப்பமில்லை என்று பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் பின்னால் போனால், முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை என்று அப்போது சட்டம் வந்தது. இதை நடத்திய அன்று மாலை, ஒரு மாணவன் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். நோட்டைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தான்.

"மிஸ், அந்தப் பொண்ணு வேண்டாம்னு வாயால சொல்லல. பஸ் ஸ்டாப்பை மாத்திக்கிட்டா. அதுவும் சொன்ன மாதிரிதானே?"

"ஆமாம்பா" என்றேன்.

நடுவர் அவர்களே, அவள் ஏன் நிறுத்தத்தை மாற்றினாள் என்று அவன் அதுவரை யோசித்ததே இல்லை. காதல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். அவள் பழைய நிறுத்தத்துக்குத் திரும்பினாளா, எனக்குத் தெரியாது. இவன் அவள் பின்னால் போவதை விட்டுவிட்டான்.

நன்றி, வணக்கம்.