கண் நன்றாகத் தெரிகிறதா? அப்படியென்றால் உங்களிடம்தான் பேசுகிறேன்

வணக்கம். தாய்மாமாவுக்கு இளவயதில் பார்வை போனது, பெரியம்மா மகனுக்கும் அப்படியே ஆனது என்று வீட்டில் பேசக் கேட்டிருக்கிறீர்களா? இன்றைய காணொளி உங்களுக்குத்தான். அந்தக் குடும்பத்தில் பிறந்து, இன்றுவரை கண் நன்றாகத் தெரிகிறவர்களிடம்தான் நான் முக்கியமாகப் பேச விரும்புகிறேன்.

இப்படிக் குடும்பத்தில் பார்வையைப் பறிக்கும் நோய்களில் ஒன்று லெபர் மரபுவழிப் பார்வை நரம்பு நோய். 1871-இல் இதை விரிவாக எழுதிய ஜெர்மானியக் கண் மருத்துவர் தியோடர் லெபரின் பெயரால் வழங்குகிறது. செல்களுக்கு ஆற்றல் தருகிற மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவில் ஏற்படும் பிழையே காரணம். அது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. தந்தை பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. இதைச் சொல்லி அம்மாவைக் குற்றவாளியாக்கும் குடும்பங்களைக் கண்டால் எனக்கு மனம் கொதிக்கிறது. அவருக்கும் அது பிறப்பிலேயே வந்ததுதானே?

நோய் எப்படித் தொடங்கும்? வலியே இருக்காது. எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறீர்கள். காதும் தலைமுடியும் தெரிகின்றன, கண்ணும் மூக்கும் இருக்க வேண்டிய இடத்தில் மங்கலான திட்டு. சிவப்பு நிறம் வெளுத்துத் தெரியும். முதலில் ஒரு கண், சில வாரங்களிலோ மாதங்களிலோ மறு கண். பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் இது நேர்கிறது.

ஆனால் பிழையைச் சுமக்கிற எல்லோருக்கும் பார்வை போவதில்லை. ஆண்களில் பாதிப் பேர், பெண்களில் பத்தில் ஒருவர் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. அண்மைக்கால ஆய்வுகள் அதைவிடக் குறைவு என்கின்றன. அப்படியானால் ஒருவருக்குப் போய், அவருடன் பிறந்தவருக்கு ஏன் போகவில்லை? முழு விடை கிடைக்கவில்லை. கிடைத்த விடைகளில் நம் கையில் இருப்பது புகைப்பழக்கம்.

125 குடும்பங்களைச் சேர்ந்த 402 பேரை ஆராய்ந்து 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. பிழையைச் சுமந்து, புகையும் பிடித்த ஆண்களில் 93 சதவீதத்தினருக்குப் பார்வை பறிபோகும் என்று அது மதிப்பிட்டது. இந்த எண்ணை முதலில் படித்தபோது திரும்பத் திரும்பப் பார்த்தேன். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடும் சயனைடும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலையைத் தடுப்பவை. ஏற்கெனவே தள்ளாடுகிற நரம்புச் செல்லுக்கு அது தாங்காது. அளவுக்கு மீறிய குடியும் ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரிகிறது. அந்தத் தொடர்பு புகையளவு வலுவானதல்ல. என் கருத்தில் குடியையும் விட்டுவிடுவதே நல்லது.

சிகரெட்டை விட்டவருக்கு நோய் வரவே வராது என்று நான் உறுதி சொல்லவில்லை. தொட்டதே இல்லாதவர்களுக்கும் வந்திருக்கிறது. அப்படி வந்தவரிடம், "நீ என்ன செய்தாய்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஆனால் இன்னும் பார்வை இருக்கிற தம்பி, அண்ணனின் நிலையைப் பார்த்த மனவேதனையில் இரண்டு பெட்டி ஊதுகிறான் என்றால், அவன் கையைப் பிடித்து இதைச் சொல்லுங்கள். தானாகச் சிகரெட்டை விட முடியாதென்றால் மருத்துவரிடம் போகலாம்; உதவும் மருந்துகள் இருக்கின்றன.

இன்னொன்று. காசநோய்க்குத் தரும் எத்தாம்புட்டால் பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடியது. எந்தச் சிகிச்சைக்குப் போனாலும், குடும்பத்தில் இந்த நோய் இருப்பதை மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதற்காக, தொடங்கிய மருந்தை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.