அந்த 14 நாள்

(கொலராடோல, டென்வர் பக்கம், நம்ம ஆளுங்க கொஞ்ச பேரு கூடின ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் பேசினது. ரெக்கார்டிங் கேட்டு டைப் பண்ணது, பேச்சை அப்படியே விட்டுட்டேன்.)

எல்லாருக்கும் வணக்கம். முன்னாடி சீட்டு காலியா கிடக்கு, வந்து உக்காருங்க, நான் கையில துப்பாக்கி எதுவும் கொண்டு வரல. (சிரிப்பு)

எங்க வீட்டு பேஸ்மென்ட்ல கிரைண்டருக்குப் பக்கத்துல ஒரு சேஃப் இருக்கு. உள்ள ஒரு 9 எம்எம் பிஸ்டல், ஒரு ஷாட்கன். மாசத்துக்கு ஒரு தடவை சுட்டுப் பழகுற ரேஞ்சுக்குப் போவேன், சுடுவேன், வீட்டுக்கு வந்து துடைச்சு வைப்பேன், அவ்ளோதான் என் வீரம். 2019ல இங்க ரெட் ஃப்ளாக் சட்டம், அதாவது ஆபத்தானவன்னு தோணுற ஆள்கிட்ட இருந்து கோர்ட் ஆர்டர் போட்டு துப்பாக்கியை கொஞ்ச காலத்துக்கு எடுத்துக்கிற சட்டம், பாஸ் ஆனப்ப ரேஞ்சுல எல்லாரும் ஒரே புலம்பல், போச்சு இனிமே வீடு வீடா வந்து புடுங்கிட்டுப் போயிடுவாங்கன்னு. நானும் பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் ஒருநாள் உக்காந்து சட்டத்தையே படிச்சேன், பெட்டிஷன் ஃபார்மையும் படிச்சேன். பயம் போகல, ஆனா வேற இடத்துக்குப் போயிடுச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன். நான் வக்கீல் இல்ல, அதை மனசுல வச்சுக்கோங்க.

இந்த சட்டம் திடீர்னு முளைச்சதில்ல. முதல்ல கொண்டு வந்தது கனெக்டிகட், 1999ல, அங்க லாட்டரி ஆபீஸ்ல வேலை பார்த்த ஒருத்தன் முந்தின வருஷம் நாலு பேரை சுட்டதுக்கு அப்புறம். இண்டியானா 2005. ஃப்ளோரிடால பார்க்லேண்ட் ஸ்கூல் துப்பாக்கிச் சூட்டுல 17 பேர் செத்ததும் 2018ல கையெழுத்து போட்டவரு, துப்பாக்கிக் கட்டுப்பாட்டை வழக்கமா எதிர்க்கிற ரிபப்ளிகன் கட்சியோட கவர்னர் ரிக் ஸ்காட், அதனால இது ஒரே கட்சி சமாச்சாரம்னு சொல்றவங்களை நம்பாதீங்க. நம்ம ஊர்ல 2017 டிசம்பர் 31ஆம் தேதி டக்ளஸ் கவுண்டில (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) சக்காரி பாரிஷ்னு ஒரு டெபுட்டி, அதாவது கவுண்டி போலீஸ்காரர், மனநிலை சரியில்லாத ஒருத்தன் வீட்டுக்குப் போன இடத்துல சுடப்பட்டு செத்தாரு. அவர் பேர்லதான் சட்டம். 2020 ஜனவரி 1ல இருந்து நடைமுறைல இருக்கு.

சரி, எப்படி நடக்குதுன்னு பார்ப்போம். உங்க குடும்பத்துல ஒருத்தரோ கூட தங்கியிருக்கிறவரோ போலீஸோ, இவன் கையில துப்பாக்கி இருந்தா தனக்கோ அடுத்தவனுக்கோ ஆபத்துன்னு கோர்ட்ல பெட்டிஷன் போடலாம். 2023ல டாக்டர், டீச்சர், அரசு வக்கீல் இவங்களையும் சேத்துட்டாங்க. ஜட்ஜ் அன்னைக்கோ அடுத்த கோர்ட் நாளோ கேக்கிறாரு. இந்த இடத்தை கவனிங்க: அந்த ரூம்ல நீங்க இல்ல. உங்களைப் பத்தி பேசுறாங்க, ஆனா உங்களுக்கே தெரியாது. ஜட்ஜுக்கு சரின்னு பட்டா தற்காலிக ஆர்டர், துப்பாக்கியும் போச்சு, மறைச்சு எடுத்துட்டுப் போற பர்மிட் இருந்தா அதுவும் போச்சு. 14 நாளுக்குள்ள முழு ஹியரிங். அங்க எதிர் பக்கம் இன்னும் வலுவான ஆதாரம் காட்டணும், காட்டிட்டா 364 நாள். (ஏன் 364, ஒரு நாள் யாருக்குப் பிச்சை போட்டாங்கன்னு என்னைக் கேக்காதீங்க.)

364 நாளை விட அந்த முதல் 14 நாள்தான் சாதாரண ஆளுக்கு கண்டம்னு நான் சொல்வேன். குற்றம் பண்ணல, அரெஸ்ட் இல்ல, இது சிவில் கேஸ்தான், ஆனா வாசல்ல ரெண்டு போலீஸ் கார் நிக்குது, எதிர்வீட்டுக்காரன் ஜன்னல் வழியா பாக்குறான். நீங்க என்ன பண்றீங்கங்கிறதுதான் விஷயம். மேரிலாண்ட்ல 2018 அக்டோபர்ல சட்டம் வந்து ஒரு மாசம் கொஞ்சம் ஆயிருக்கும், நவம்பர் 5, விடியக்காலை அஞ்சு மணி சுமாருக்கு ஆர்டர் குடுக்க போலீஸ் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுறாங்க. வீட்டுக்காரர் கையில துப்பாக்கியோட கதவைத் திறக்கிறாரு, அந்த நேரத்துல எவன் வந்தாலும் எடுத்துட்டுத்தானே வருவான். கீழ வச்சிட்டாரு. அப்புறம் பேச்சு முத்தி மறுபடி கையில எடுத்தாரு, இழுபறில வெடிச்சது, போலீஸ் சுட்டு அங்கயே செத்துட்டாரு. ஒரு காகிதத்தை கையில குடுக்க வந்த விஷயம் இப்படி முடிஞ்சது. அதை படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

பொய் பெட்டிஷன் போட்டா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. நம்ம லேரிமர் கவுண்டில சட்டம் வந்த முதல் மாசமே நடந்துச்சு. ஒரு அம்மா, தன் பையனை சுட்ட போலீஸ்காரர் மேலயே பெட்டிஷன் போட்டாங்க. குடும்பத்து ஆள்னு காட்டணுமே, அதுக்கு ஃபார்ம்ல, எனக்கும் அந்த போலீஸ்காரருக்கும் பொதுவா ஒரு குழந்தை இருக்குங்கிற கட்டத்துல டிக் அடிச்சிட்டாங்க. பையனைப் பறிகொடுத்த தாய், அந்த வலி புரியுது, ஆனா டிக் பொய். ஜட்ஜ் தள்ளுபடி பண்ணிட்டாரு, அந்தம்மா மேலயே பொய் சாட்சி கேஸ் பாஞ்சது. அதனால தடுப்பே இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா அது வெளிப்படையான பொய், மாட்டிக்கிச்சு. டைவர்ஸ் கேஸ் ஓடுறப்ப பாதி உண்மை பாதி கோவம்னு எழுதுற பெட்டிஷனை முதல் நாளே யார் கண்டுபிடிப்பா? அதுக்குத்தான் ஹியரிங், அங்க நீங்க போகணும். போகாம இருந்தா எதிர் பக்கம் சொன்னது மட்டும்தான் ஜட்ஜ் காதுல விழும். கொலராடோல கோர்ட்டே உங்களுக்கு வக்கீல் போட்டுக் குடுக்கும், நெறைய ஸ்டேட்ல இது கிடையாது, ஆனா நம்ம ஆளுங்களுக்கே இது தெரியல. மானம் போச்சுன்னு வீட்டுக்குள்ள கதவை சாத்திக்கிட்டு உக்காந்துராதீங்க, தயவுசெஞ்சு. ஆர்டர் வந்த பிறகு முன்னாடியே நீக்கச் சொல்லி ஒரே ஒரு தடவை கேக்கலாம், அப்போ ஆபத்து இல்லன்னு நிரூபிக்கிற பாரம் உங்க தலையில.

இப்போ மறுபக்கம். கொலராடோ ஸ்பிரிங்ஸ்ல கிளப் க்யூன்னு ஒரு நைட் கிளப், 2022 நவம்பர்ல அங்க ஒருத்தர் சுட்டதுல அஞ்சு பேர் போயிட்டாங்க. சுட்ட ஆள் முந்தின வருஷமே வெடிகுண்டு மிரட்டல்ல பிடிபட்ட ஆள், ஆனா யாரும் ரெட் ஃப்ளாக் பெட்டிஷன் போடல. அந்த எல் பாசோ கவுண்டி 2019லயே இந்த சட்டத்துக்கு எதிரா தீர்மானம் போட்ட கவுண்டி. நான் துப்பாக்கி வச்சிருக்கிறவன், இதை சொல்றப்ப எனக்கே தொண்டை அடைக்குது.

இன்னொண்ணு, நம்ம கூட்டத்துல யாரும் பேசாதது. 2022ல அமெரிக்காவுல துப்பாக்கியால செத்தது 48,000 பேருக்கு மேல, அதுல பாதிக்கு மேல, 27,000 சுமார், தற்கொலை. கனெக்டிகட் கேஸ்களை ட்யூக் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி ஸ்வான்சன் குழு பார்த்தப்ப, 10லேந்து 20 பறிமுதலுக்கு ஒரு உயிர் தப்பிச்சிருக்கும்னு கணக்கு வந்துச்சு. அப்போ மிச்ச 19 பேரோட நிலைமைன்னு ரேஞ்சுல ஒருத்தர் கேட்டாரு. நியாயமான கேள்விதான். ஆனா அந்த ஒருத்தன் என் ஃப்ரெண்டா இருந்தா நான் அந்தக் கணக்கு போட மாட்டேன்.

கோர்ட் வரைக்கும் போகாமலே ஒரு வழி இருக்கு. இங்க 2019ல ஒரு மேப் போட்டாங்க, எந்த கன் ஷாப், எந்த போலீஸ் ஸ்டேஷன் கொஞ்ச நாளைக்கு துப்பாக்கியை வாங்கி வச்சுக்கும்னு. வேலை போயி மனசு உடைஞ்சு கிடக்கிறவன்கிட்ட டேய் வாடா, கொஞ்ச நாள் அங்க வச்சிட்டு வருவோம்னு கூட்டிட்டுப் போயிடலாம். பேப்பர்ல பேர் ஏறாது, அக்கம்பக்கம் பாக்காது.

(கேள்வி நேரத்துல ஒரு அக்கா கேட்டாங்க: தம்பி, உங்க மேல ஆர்டர் வந்தா வீட்டுல உங்க வைஃபோட துப்பாக்கியும் போயிடுமா?)

நல்ல கேள்வி அக்கா. எங்க வீட்டு ஷாட்கன் அவ பேர்லதான் இருக்கு. என் கைக்கு எட்டாத மாதிரி அவ பூட்டி வச்சிருந்தா அது அவகிட்டயே இருக்கலாம். ஆனா சேஃப் நம்பர் ரெண்டு பேருக்கும் தெரியுமே! இதை யோசிச்சதும் அன்னைக்கு சாயங்காலமே கேட்டேன், அவசரம்னா நம்பரை மாத்தத் தெரியுமாடின்னு. மேனுவல் எங்கன்னா. நானும் அவளுமா கிரைண்டருக்குப் பின்னாடி வரைக்கும் தேடிட்டோம், இன்னும் கிடைக்கல.